ஆக்டோபஸ் கனவு வீடியோ: எதுவரை நம்பலாம்?

அலைவாய் | மார்ச் 3, இரவு 9.12
ஹைடி வீடியோ மறுபடியும் எல்லா குரூப்பிலும் சுத்துது. 2019ல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வந்தது. அலாஸ்காவில் கடல் உயிரியலாளர் டேவிட் ஷீல் தன் வீட்டுத் தொட்டியில் வளர்த்த ஆக்டோபஸ் பேர்தான் ஹைடி. தூங்கிக்கிட்டே வெளுக்குது, மஞ்சளாகுது, கறுக்குது, கடைசியில் திட்டுத்திட்டா மாறுது. நண்டு பிடிக்கிற கனவுன்னு பின்குரல் வேற. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்? கனவு காணுது, அவ்வளவுதான். இல்லைங்கிறவங்க காரணத்தோட வாங்க.

நீரோட்டம் | மார்ச் 3, இரவு 10.05
அந்தத் துண்டில் கண்ணுக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: அசையாமல் கிடக்கும் ஒரு விலங்கின் தோல் நிறம் மாறுகிறது. நண்டு, வேட்டை, கனவு எல்லாம் பின்குரலில் வந்தவை. ஷீல்கூட "கனவு காண்கிறது என்றால்" என்று நிபந்தனை போட்டுத்தான் பேசுகிறார். வாட்ஸப்பில் சுற்றும்போது அந்த "என்றால்" உதிர்ந்துவிட்டது.

ஆனால் தோல் மாறுவதைச் சாதாரணமாக ஒதுக்கவும் முடியாது. ஆக்டோபஸ் தோலில் இருப்பவை நிறமிப் பைகள். ஒவ்வொரு பையைச் சுற்றியும் நுண்தசைகள், அவற்றை நேரடியாக இயக்குவது மூளையிலிருந்து வரும் நரம்பு. பச்சோந்திக்கு இருப்பது வேறு ஏற்பாடு. ஆக, தோலில் ஒரு வடிவம் தோன்றினால் மூளையில் அதற்கான நரம்புகள் வேலை செய்கின்றன என்று தைரியமாகச் சொல்லலாம். அதற்குமேல் "அது எதையோ காண்கிறது" என்பது தனித் தாவல். அந்தத் தாவலுக்கு வீடியோ உதவாது.

முதலில் கேட்க வேண்டியது, அது உண்மையில் தூங்குகிறதா என்பது. பிரேசிலில் நாட்டால் நகரக் குழு 2021ல் இதைத்தான் சோதித்தது. நான்கு ஆக்டோபஸ்கள். தூங்குவதுபோல் கிடக்கும்போது திரையில் நண்டு நகரும் படம் காட்டினார்கள், இன்னொரு சமயம் தொட்டியை ரப்பர் சுத்தியலால் தட்டினார்கள். விழித்திருக்கும்போது உடனே திரும்பும் விலங்கு இப்போது கண்டுகொள்ளவில்லை. பிறகுதான் "தூக்கம்" என்று எழுதினார்கள். தோல் வெளுத்து, கண்மணி கீறலாக ஒடுங்கிக் கிடக்கும் அமைதிக் கட்டம் 7 நிமிடம் போல. அதை அடுத்து நிறங்கள் ஓடும் துடிப்புக் கட்டம் 40 நொடி. இந்தச் சுற்று 30-40 நிமிடத்துக்கு ஒருமுறை.

தொட்டிமீன் | மார்ச் 4, காலை 7.30
ஒரு திருத்தம். 40 நொடி என்பதை எல்லா ஆக்டோபஸுக்கும் பொதுக் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் வேறொரு சிறிய இனத்தை வைத்து 2023ல் செய்த ஆய்வில் துடிப்புக் கட்டம் ஒரு நிமிடம் போல நீடிக்கிறது, ஏறக்குறைய மணிக்கொரு தடவை வருகிறது. அவர்கள் தோலை 8கே காமிராவில் எடுத்ததோடு நிற்கவில்லை, மூளைக்குள் மின்முனை வைத்தும் பதிவு செய்தார்கள். அந்த ஒரு நிமிடத்தில் மூளைச் செயல்பாடு விழித்திருக்கும்போது இருப்பதுபோலவே இருந்தது. இரண்டு நாள் தூங்க விடாமல் செய்தால் பிறகு துடிப்புக் கட்டம் சீக்கிரமாகவும் அடிக்கடியும் வந்தது. விட்டுப்போனதை ஈடுகட்டும் இந்தப் பழக்கம்தான் இது தூக்கம் என்பதற்கு நல்ல சாட்சி. நிறக் காட்சி அதற்கு அடுத்தபடிதான்.

நீரோட்டம் | மார்ச் 4, காலை 8.02
ஆமாம், இனம் வேறு, அளவும் வேறு. ஒகினாவாக்காரர்கள் இன்னொன்றும் பார்த்தார்கள்: தூக்கத்தில் ஓடும் வடிவங்கள் விழித்திருக்கும்போது வேட்டைக்கும் மிரட்டலுக்கும் போடும் வடிவங்களோடு ஒத்துப்போகின்றன. அதற்கு அவர்களே இரண்டு விளக்கம் வைத்தார்கள். ஒன்று, நிறம் மாற்றும் திறனைப் பழகிச் சரிபார்க்கிறது. இன்னொன்று, பகலில் நடந்ததை மூளை மறுபடி ஓட்டுகிறது. அலைவாய், உங்கள் "கனவு" இரண்டாவதில் மட்டும்தான் இடம்பிடிக்கும்.

அலைவாய் | மார்ச் 4, காலை 8.15
அப்போ எங்க வீட்டு நாய் தூக்கத்துல கால் உதைக்கிறதும் கனவு இல்லையா சார்? அதையும் பிடுங்கிடாதீங்க.

நீரோட்டம் | மார்ச் 4, காலை 8.21
நாய் உங்களுடையது, வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டிமீன் | மார்ச் 4, இரவு 9.48
ஹைடி மாதிரி வீடியோ எடுக்க ஆசைப்படுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக.

பிரேசில் கணக்குப்படி 35 நிமிடத்துக்கு 40 நொடி என்றால் தூங்கும் நேரத்தில் சுமார் 2 விழுக்காடு. போனைக் கையில் பிடித்துக் காத்திருந்து இதை எடுக்க முடியாது. ஸ்டாண்டில் வைத்து விடாமல் ஓட விட வேண்டும். நொடிக்கு 60 மெகாபிட் பதிவு என்றால் மணிக்கு 27 ஜிபி. ஒரு ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு 216 ஜிபி, அதனால் 256 ஜிபி கார்டு போதும். உள்பேட்டரி அவ்வளவு நேரம் தாங்காது, நேரடி மின்சாரம் கொடுங்கள்.

கோணம்: லென்ஸ் கண்ணாடிக்கு நேர் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்ந்தால் ஓரங்கள் இழுபட்டு நிறம் பிரியும். தொட்டிக்கும் காமிராவுக்கும் நடுவில் கறுப்புத் துணி, லென்ஸ் அளவுக்கு ஓட்டை. துணி இரண்டு வேலை செய்யும். பிரதிபலிப்பு நிற்கும், ஆக்டோபஸ் உங்களைப் பார்க்காது. ஆளைப் பார்த்தாலே நிறம் மாற்றும் விலங்கு அது. துணி இல்லாமல் எடுத்த எதையும் "தானாக மாறியது" என்று சொல்ல முடியாது. மூடியையும் கவனியுங்கள். உடம்பில் கெட்டியானது அலகு மட்டும்தான், அலகு நுழையும் சந்து இருந்தால் முழு உடம்பும் வெளியே வந்துவிடும்.

இனி முக்கியமானது. ஃபிரேமின் ஓரத்தில், அதே ஒளி விழும் இடத்தில், நடுத்தரச் சாம்பல் நிற அட்டை ஒன்று இருக்கட்டும். லேமினேட் போட்டு ஓரத்தை சிலிக்கானால் அடைத்தால் தண்ணீரிலேயே கிடக்கும். காமிராவின் தானியங்கி எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), தானியங்கி வெள்ளைச் சமன் (நிறத் திருத்தம்) இரண்டையும் அணைத்துப் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் நடப்பது இது: ஆக்டோபஸின் பாதி உடம்பு கறுக்கும், காமிரா படம் இருண்டுவிட்டது என்று நினைத்து வெளிச்சத்தைத் தூக்கும், மீதிப் பாதி வெளுத்ததுபோல் தெரியும். பார்ப்பவர் "இரண்டு பக்கமும் மாறியது" என்று எழுதுவார். மாறியது ஒரு பக்கம்தான். அட்டையும் சேர்ந்து வெளுத்தால் அது காமிராவின் வேலை, அட்டை அப்படியே இருந்து தோல் மட்டும் மாறினால் விலங்கின் வேலை.

முழு உடம்பு மாற்றமும் அரை நொடிக்குள் முடிந்துவிடலாம். நொடிக்கு 25 ஃபிரேமில் அது பத்துப் பன்னிரண்டு படம். எங்கே தொடங்கி எங்கே பரவியது என்று பார்க்க அது பத்தாது. 120 வைத்தால் நிம்மதி.

லென்ஸ்மூடி | மார்ச் 5, காலை 6.55
120 போடச் சொன்னீர்கள், விளக்கைப் பற்றிச் சொல்லவில்லையே. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவு எல்ஈடி நொடிக்கு 100 தடவை மங்கி எரியும், நம் கண்ணுக்குத் தெரியாது. 120 ஃபிரேமில் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் அதிகபட்சம் 1/120 நொடி, விளக்கின் ஒரு முழுச் சுற்றைக்கூட அது பிடிக்காது. ஒவ்வொரு ஃபிரேமும் வேறு வெளிச்சத்தில் விழும், படத்தில் நொடிக்கு 20 துடிப்பு தெரியும். அது தோல் துடிப்பது போலவே இருக்கும்! "அசைவற்ற தூக்கத்திலும் தோல் அதிர்கிறது" என்று போடுகிற வீடியோக்களில் சிலவற்றுக்கு இதுதான் மூலகாரணம் என்பேன்.

25 அல்லது 50 ஃபிரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்றால் வீட்டு விளக்கே போதும். 60 வேண்டுமானாலும் ஷட்டர் 1/100ல் வைத்தால் தப்பிக்கலாம். 120 வேண்டுமென்றால் பேட்டரியில் ஓடும் வீடியோ விளக்கு, அதுவும் மங்க வைக்காமல் முழு வெளிச்சத்தில். பல விளக்குகள் அணைத்து அணைத்து எரித்துத்தான் மங்கலாக்குகின்றன.

ராத்திரி என்றால் சிவப்பு விளக்கு, 620 நானோமீட்டருக்கு மேல். ஆக்டோபஸ் கண்ணில் ஒளியுணரும் நிறமி ஒரே வகை, அது நீலப்பச்சைப் பக்கம்தான் கூர்மை, சிவப்பு ஏறக்குறைய இருட்டு. விலை என்னவென்றால், சிவப்பு ஒளியில் எடுத்தால் நிறமே தெரியாது, கருமையும் வெளிறலும் மட்டும்தான். சிவப்பு ஒளிப் படத்தைப் பிறகு கணினியில் வண்ணம் ஏற்றி "மஞ்சளானது" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள்.

அலைவாய் | மார்ச் 5, காலை 9.40
சாம்பல் அட்டையை வாங்கப் போறேன். நடுவில ஒரு சந்தேகம்: டாகுமெண்டரில ஆக்டோபஸ் நகரும்போது "சளக் சளக்"னு வருமே, அதுக்கு எந்த மைக்?

லென்ஸ்மூடி | மார்ச் 5, காலை 9.52
ஸ்டுடியோ மைக். எதிரில் ஒருவர் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருப்பார். கடலடிப் படங்களில் நெருக்கமாகக் கேட்கும் ஓசைகளில் பெரும்பாலானவை பிறகு சேர்த்தவை.

லென்ஸ்மூடி | மார்ச் 6, இரவு 10.30
கடலில் எடுப்பது பற்றி தனிமடலில் கேட்டவருக்கு இங்கேயே பதில்.

ஸ்கூபா மூச்சுக் குமிழிகளின் சத்தம் மீன்களை விரட்டும், ஆக்டோபஸ் வளைக்குள் போய்விடும். இரவில் உங்கள் விளக்கை வைத்தே சிங்கமீன் வேட்டையாடும். அதைப் படமெடுத்தால் விளக்கோடு சிங்கமீன் எப்படி வேட்டையாடும் என்பதுதான் கிடைக்கும். நடத்தையைப் பார்க்க வேண்டுமானால் காமிராவை வைத்துவிட்டு ஆள் விலக வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஜெர்விஸ் விரிகுடா ஆக்டோபஸ் குழு ஆய்வுகள் எல்லாம் அப்படித்தான்: கடல் தரையில் சின்ன முக்காலி, கோப்ரோ என்ற சின்னக் காமிரா, ஓட விட்டுவிட்டு மேலே வந்துவிடுவார்கள்.

வளையிலிருந்து ஒன்று முதல் ஒன்றரை மீட்டர். முக்காலிக்கு 2 கிலோ ஈயம், நீரோட்டம் வலுத்தால் இன்னும் அதிகம். காமிராவை மூடும் நீர்புகாக் கூடு பளபளப்பாக இருந்தால் அதை ஆக்டோபஸ் கையைப் போட்டு இழுக்கும், லென்ஸ் கண்ணாடியில் உறிஞ்சியை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். மங்கலான கறுப்பு டேப் சுற்றுங்கள். முதல் நாள் காமிரா இல்லாத வெறுங்கூட்டை வைத்துவிட்டு வந்தால் அதன் ஆர்வம் அன்றைக்கே ஓரளவு தீர்ந்துவிடும். அகல லென்ஸுக்கு முன்னால் தட்டைக் கண்ணாடி இருந்தால் தண்ணீரில் கோணம் முக்கால் பங்காகச் சுருங்கும், குவிமாட வடிவக் கண்ணாடி போட்டால் சுருங்காது.

தண்ணீர் புகுவது பெரும்பாலும் கூட்டின் மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில்தான், அதுவும் ஒரு முடி, ஒரு மணல் துகளால். பள்ளத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, ரிங்கை விரலால் தடவிப் பார்த்து, கிரீஸ் மெல்லிசாக, மினுங்கும் அளவுக்கு மட்டும். அதிகம் போட்டால் பாதுகாப்பு கூடாது, மணல்தான் கூடும். சிலிக்கான் ரப்பர் ரிங்கில் சிலிக்கான் கிரீஸ் போட்டால் ஊதிப் பள்ளத்தை விட்டு வெளியே வரும், கூடு தயாரித்தவர் சொன்ன கிரீஸையே போடுங்கள். கூட்டை ஏசி அறையில் மூடுங்கள், உள்ளே சிலிக்கா ஜெல் பை. கடற்கரை ஈரக்காற்றில் மூடினால் குளிர்ந்த தண்ணீருக்குள் போனதும் உள்ளே பனி படியும், ஒரு மணி நேரப் பதிவும் பால் போல வரும். மேலே வந்ததும் நல்ல தண்ணீரில் அரை மணி ஊறப் போட்டுவிட்டுத் திறக்க வேண்டும்.

விளக்கு வைத்தால் இரண்டு, அவற்றைத் தாங்கும் கைகளை நன்றாக விரித்து, ஒளிக்கற்றையின் ஓரம் மட்டும் விலங்கின் மேல் படும்படி. நேராகத் திருப்பினால் நடுவில் மிதக்கும் தூசியெல்லாம் பனிமழை மாதிரி எரியும்.

நீரோட்டம் | மார்ச் 7, காலை 7.10
ஜெர்விஸ் விரிகுடா பேச்சு வந்ததால் அந்த எறியும் ஆக்டோபஸ் விஷயத்தைச் சொல்கிறேன். வீடியோவை எப்படி ஆதாரமாக்குவது என்பதற்கு எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல பாடம் இல்லை.

பீட்டர் காட்ஃப்ரி-ஸ்மித் குழு 2015, 2016ல் நிலையான காமிராக்களில் எடுத்த சுமார் 24 மணி நேரப் பதிவில் 102 எறிதல்களை எண்ணியது. 2022ல் கட்டுரை வந்தது. "ஆக்டோபஸ்கள் சண்டை போட்டுக் கல்லெறிகின்றன" என்று செய்தி ஓடியது. கட்டுரையில் இருப்பது அதைவிடச் சுவாரசியம். எறிதல் என்றால் என்ன என்று முதலில் வரையறுத்தார்கள். கைகளால் சேறு, சிப்பி, பாசி எதையாவது கைகளுக்கு இடையில் சேர்க்க வேண்டும். பிறகு நீர்த்தாரைக் குழாய் கைகளுக்கு நடுவே உள்ள சவ்வின் அடியில் வர வேண்டும். வழக்கமான இடத்திலிருந்து அதை அங்கே நகர்த்திக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. பிறகு தண்ணீர் பீய்ச்சும், சேர்த்தது பல உடல் நீளத் தூரம்கூடப் பறக்கும். மூச்சுவிடும்போது தற்செயலாகச் சேறு கலங்குவதை இதிலிருந்து பிரிப்பது அந்தக் குழாய் நகர்வுதான். உங்கள் வீடியோவில் குழாய் தெரியவில்லை என்றால் அதை எறிதல் என்று எண்ணக்கூடாது.

ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இன்னொரு ஆக்டோபஸ் மேல் விழுந்தது. உடம்பு கறுத்திருக்கும்போது எறிந்தவை வேகமாகவும், அடுத்தவர் மேல் விழும் வாய்ப்பு அதிகமாகவும் இருந்தன. சில சமயம் எதிரில் இருந்தது குனிந்தது. இவ்வளவு இருந்தும் "குறிபார்க்கிறது" என்பதை எச்சரிக்கையோடுதான் எழுதினார்கள். மீதி எறிதல்களில் பல வளையைச் சுத்தம் செய்வதும், தின்ற மிச்சத்தைத் தள்ளுவதும். அந்த மீதி இல்லாமல் பட்டவற்றை மட்டும் வெட்டி ஒட்டினால் பார்ப்பவர் போர்க்களத்தைப் பார்ப்பார். படத்தொகுப்பு செய்யும் சேதம் இதுதான். பொய் ஒரு ஃபிரேம்கூட இருக்காது, விகிதம் மட்டும் பொய்.

தொட்டிமீன் | மார்ச் 7, பகல் 1.25
விகிதம் மட்டும் சரியாக இருந்தால் போதாது, ஒப்பீடும் வேண்டும். அலெக்ஸாண்ட்ரா ஷ்னெல் 2021ல் ஓட்டுக்கணவாயை வைத்துச் செய்த பொறுமைச் சோதனையைப் பாருங்கள். ஆறு கணவாய். இரண்டு அறை. ஒன்றில் சுமாராகப் பிடிக்கும் இறால் துண்டு, உடனே தின்னலாம். மற்றதில் அதற்கு மிகவும் பிடித்த உயிருள்ள சின்ன இறால், ஆனால் கதவு திறக்கக் காத்திருக்க வேண்டும். முதல் இரையைத் தொட்டால் இரண்டாவது போய்விடும். 50 முதல் 130 நொடி வரை காத்தன. சில கணவாய்கள் கைக்கெட்டும் இரையைப் பார்க்காமல் உடம்பையே திருப்பிக்கொண்டன.

இந்தக் கடைசிக் காட்சி எந்தப் படத்திலும் கைதட்டல் வாங்கும். ஆனால் சோதனையின் உயிர் வேறொரு கதவில் இருக்கிறது. பிடித்த இரை கண்ணுக்குத் தெரியும், கதவு திறக்கவே திறக்காது. அப்படி ஒரு ஏற்பாடும் வைத்தார்கள். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு வடிவக் குறி, கணவாய் முதலிலேயே கற்றுக்கொண்டது. திறக்காத கதவு என்றால் காத்திருக்கவில்லை, சுமாரானதை உடனே தின்றன. அதனால்தான் முதல் காத்திருப்பு "பசியில்லை", "குழம்பிப்போனது" என்பதாக இருக்க முடியாது என்று தெரிகிறது. படத்தில் அந்தக் கதவு வந்தால் எனக்குச் சந்தோஷம். வராமல் போவதுதான் வழக்கம், எதுவும் நடக்காத காட்சி பாருங்கள்.

நீரோட்டம் | மார்ச் 7, பகல் 2.00
கண்ணாடியில் தன்னையே அடையாளம் காண்கிறதா என்று துப்புரவு மீனை (மற்ற மீன்களின் ஒட்டுண்ணிகளைத் தின்பது) வைத்துச் செய்த சோதனையும் அதே கதை. ஒசாகாவில் 2019ல். மீனின் தொண்டையில் ஒட்டுண்ணி மாதிரி பழுப்புப் புள்ளி வைத்தார்கள். கண்ணாடியில் பார்த்த பிறகு தொண்டையைத் தரையில் உரசின. நிறமில்லாத புள்ளி வைத்தபோதும், கண்ணாடி இல்லாதபோதும் உரசவில்லை. அந்த இரண்டு "உரசவில்லை"களும் இல்லாவிட்டால் அரிப்பெடுத்த மீன் வீடியோதான் மிஞ்சியிருக்கும். அப்படியும் விவாதம் ஓயவில்லை.

பாக்நீர் | மார்ச் 8, காலை 11.15
மன்னார் வளைகுடாப் பக்கம் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்தான்) நிறைய உண்டு. நிலையான காமிரா வைத்துப் பார்க்க ஆசை. தீவுப் பக்கம் போகலாமா அண்ணே?

லென்ஸ்மூடி | மார்ச் 8, பகல் 12.05
தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரையுள்ள அந்த 21 தீவுகளும் சுற்றியுள்ள ஆழமற்ற கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, தம்பி. அனுமதி இல்லாமல் உள்ளே போய்க் காமிரா வைக்கக்கூடாது. படம்பிடிக்கவோ ஆய்வுக்கோ தமிழ்நாடு முதன்மை வனவிலங்குக் காப்பாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். என்ன வைக்கப் போகிறீர்கள், எங்கே, எத்தனை நாள், பவளத்தைத் தொடாமல் முக்காலி எப்படி நிற்கும் என்பதைப் படத்தோடு எழுதினால் திரும்பி வரும் கேள்விகள் குறையும். பூங்காவுக்கு வெளியே மணலும் சிப்பியும் கலந்த தரையில் தொடங்குங்கள். வளையைக் கண்டுபிடிக்க வாசலைப் பார்த்தால் போதும், தின்று போட்ட நண்டு ஓடும் சிப்பியும் குவிந்திருக்கும். அங்கு வலையும் கூண்டும் போடுகிற மீனவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் முக்காலி ஒருநாள் அவர்கள் வலையில் வரும்.

அலைவாய் | மார்ச் 10, இரவு 8.20
சரி, வழிக்கு வந்தேன். நாலு ராத்திரிப் பதிவு கையில இருக்கு, நண்பரோட தொட்டி. அட்டை இருக்கு, துணி இருக்கு, 50 ஃபிரேம், 1/100. இப்போ இதை என்ன பண்றது? உட்கார்ந்து முழுசா பார்க்கணுமா?

நீரோட்டம் | மார்ச் 10, இரவு 9.35
முழுசாகத்தான். இரட்டை வேகத்தில் ஓட்டலாம், தாண்டக்கூடாது. டுரின் பல்கலைக்கழகத்தில் உருவான போரிஸ் என்ற இலவச மென்பொருளில் வீடியோவை ஏற்றுங்கள். முதலில் நடத்தைப் பட்டியல். அதில் "கனவு", "பயம்", "கோபம்" எதுவும் வரக்கூடாது. "உடம்பு முழுதும் கருமை", "பாதி வெளிறல்", "கண்மணி கீறல்", "கை நுனி அசைவு", "தோல் முள்ளெழுச்சி" போலக் கண்ணுக்குத் தெரிவது மட்டும். நீடிப்பவற்றுக்குத் தொடக்கமும் முடிவும், நொடியில் முடிபவற்றுக்கு ஒற்றைக் குறி. ஆக்டோபஸ் காமிராவுக்குத் தெரியாத நேரத்தையும் "தெரியவில்லை" என்று குறியுங்கள், இல்லாவிட்டால் அது "எதுவும் செய்யவில்லை" கணக்கில் போய்ச் சேரும்.

பட்டியலை நீங்கள் எழுதுவதால் நீங்கள் மட்டும் குறிக்கக்கூடாது. ஐந்தில் ஒரு பங்கு வீடியோவை இந்த இழையே படிக்காத ஒருவரிடம் கொடுங்கள். கோப்புப் பெயரில் "கனவு_3" என்று இருந்தால் மாற்றிவிட்டு, ஒலியை அணைத்துவிட்டுக் கொடுங்கள். இருவர் குறித்ததும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்குக் கோஹன் கப்பா கணக்கு, போரிஸே போட்டுத் தரும். 0.8க்கு மேல் வந்தால் நல்லது. 0.6 பக்கம் நின்றால் பட்டியலில் ஏதோ ஒரு வரி இருவருக்கும் இரண்டு விதமாகப் புரிகிறது. பெரும்பாலும் "பாதி வெளிறல்" மாதிரி வரிதான் மாட்டும். எத்தனை பங்கு வெளுத்தால் பாதி என்று எழுதிவிட்டு மறுபடி குறிக்க வேண்டும்.

தொட்டிமீன் | மார்ச் 10, இரவு 9.50
தோல் வெளிச்சத்தைக் குறிக்கும்போது அட்டையின் வெளிச்சத்தால் வகுத்து எழுதுங்கள். நாலு ராத்திரியையும் அப்போதுதான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும்.

நீரோட்டம் | மார்ச் 10, இரவு 10.04
அதுவும். பிறகு ஊருக்குக் காட்ட 2 நிமிடப் படம் செய்யுங்கள், தாராளமாக வெட்டுங்கள், இசையும் போடுங்கள். மூலத்தில் அந்தத் துண்டுகள் வரும் மணி, நிமிடம், நொடியைத் திரையின் மூலையில் விடுங்கள். நான்கு ராத்திரியில் எத்தனை முறை வந்தது, எத்தனை மணி நேரம் வரவில்லை என்பதைக் கடைசிச் சட்டகத்தில் எழுதுங்கள். வெட்டாத கோப்புகளை அழிக்காமல் வைத்திருங்கள், ஒன்றுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க்கில். நாலு ராத்திரிக்கு 900 ஜிபிக்குள் அடங்கும்.

அலைவாய் | மார்ச் 10, இரவு 10.11
பின்குரல்?

நீரோட்டம் | மார்ச் 10, இரவு 10.13
போடுங்கள். "என்றால்" மட்டும் உதிராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லென்ஸ்மூடி | மார்ச் 11, காலை 6.40
ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றியபின் கோப்பு சரியாக வந்ததா என்று செக்சம் (இரண்டு கோப்பும் ஒன்றேதானா என்று காட்டும் கணக்கு) பார்த்துவிட்டே கார்டை அழியுங்கள். கோப்ரோ நீளமான பதிவைத் துண்டு துண்டாக உடைத்து எழுதும், அதன் கோப்புப் பெயர் வரிசை விநோதமாக இருக்கும். பெயரை நம்பாமல், பதிவான நேரத்தை வைத்து அடுக்குங்கள். இரண்டு காமிரா வைத்திருந்தால் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டின் முன்னும் ஒருமுறை டார்ச் அடியுங்கள். தனித்தனிக் கடிகாரங்கள் ஒரு ராத்திரிக்குள் சில ஃபிரேம் விலகிவிடும், முடிவு டார்ச் இல்லாமல் எவ்வளவு விலகியது என்று கண்டுபிடிக்க வழி இல்லை.